தோற்றால் லாபமா? என்.எஃப்.எல். அணிகளின் டிராஃப்ட் கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 2020 டிசம்பர் 20 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணி, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 23-20 என்ற கணக்கில் வென்றது. அந்த சீசனில் அதுவரை ஆடிய 13 ஆட்டங்களிலும் தோற்றிருந்த ஜெட்ஸுக்கு அது முதல் வெற்றி. ஆனால் அந்த அணியின் ரசிகர்களில் பலர் அன்று கொண்டாடவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று நொந்துகொண்டார்கள். கல்லூரி ஆட்டங்களில் கொடிகட்டிப் பறந்த ட்ரெவர் லாரன்ஸ் என்ற இளைஞரை அடுத்த வசந்தத்தில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை, அந்த ஒரு வெற்றியால் ஜெட்ஸின் கையைவிட்டு ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டது என்பதே காரணம்.

அமெரிக்கன் ஃபுட்பாலை அதிகம் பார்க்காதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும், அட்டவணையின் அடியில் கிடக்கும் அணிகளைப் பற்றி இதே விவாதம் எழுகிறது: எப்படியும் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) வாய்ப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, மிச்சமிருக்கும் ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்பதுதானே புத்திசாலித்தனம்? இப்படித் தோற்பதற்கு வழிசெய்வதை அங்கே ‘டேங்கிங்’ என்கிறார்கள்.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது?

கல்லூரி ஆட்டம் முடித்து வரும் வீரர்கள் தங்களுக்குப் பிடித்த அணியில் நேராகச் சேர்ந்துவிட முடியாது. ஆண்டுக்கொரு முறை அணிகள் வரிசையாக நின்று ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் பெயர் டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் செலவு வரம்பு ஒன்றுதான். கடந்த ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு அங்கே தனிச் சலுகை கிடையாது. டிராஃப்டில் பணம் பேசுவதில்லை, வரிசைதான் பேசுகிறது.

இந்த யோசனையை 1935-ல் முன்வைத்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் பெர்ட் பெல். பணமும் பெயரும் உள்ள அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால், மற்ற அணிகள் தேய்ந்து, லீக்கே படுத்துவிடும் என்பது அவரது வாதம். அவருடைய அணியே அப்படித் தேய்ந்துகொண்டிருந்த அணிகளில் ஒன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், கடைசிவரை என்.எஃப்.எல். ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. முதல் தேர்வு என்பது எவ்வளவு உறுதியற்ற சொத்து என்பதற்கு முதல் உதாரணமே அவர்தான்.

இன்றைய விதிகள் சுருக்கமாக:

1. லீக்கில் 32 அணிகள். 2021 முதல் ஒவ்வோர் அணியும் சீசனுக்கு 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அதற்கு முன் 16.

2. பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள், வெற்றி விகிதத்தின் தலைகீழ் வரிசையில் முதல் 18 இடங்களைப் பெறுகின்றன. மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு. குலுக்கல் எதுவும் இல்லை.

3. இரண்டு அணிகள் சமநிலையில் இருந்தால், எளிய எதிரணிகளைச் சந்தித்த அணிக்கே முன்னுரிமை. எளிய எதிரிகளிடமும் தோற்றதால் அதுவே அதிகப் பலவீனமான அணி என்று கொள்கிறார்கள். ஜெட்ஸும் ஜாகுவார்ஸும் தலா ஒரு வெற்றியோடு நின்றபோது ஜாகுவார்ஸை முதலிடத்துக்குக் கொண்டுபோனது இந்த விதிதான்.

4. மொத்தம் ஏழு சுற்றுகள். தேர்வு உரிமையை வேறு அணியிடம் கொடுத்து வாங்கலாம், வருங்கால ஆண்டுகளின் உரிமையையும் சேர்த்து.

ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் கடைசி இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் என்பதால், அங்கே இந்தக் கேள்வியே எழாது. என்.எஃப்.எல்.-இல் இறக்கம் கிடையாது. தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்த வருமானமும் 32 அணிகளுக்கும் சமமாகவே பங்கிடப்படுகிறது. எனவே ஓர் ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் உரிமையாளருக்கு வரும் பெரும்பணத்தில் மாற்றம் அதிகம் இருக்காது. தோல்விக்குத் தண்டனை இல்லை, பரிசு மட்டும் உண்டு என்ற இந்த ஏற்பாட்டிலிருந்துதான் சிக்கல் முளைக்கிறது.

முதல் தேர்வின் விலை

முதல் தேர்வை இவ்வளவு ஆசையாகப் பார்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு பொறுப்பு: குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர் அவர். அவர் சரியில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பெரிய பயன் இல்லை.

இதோடு 2011-ல் வந்த ஊதிய ஒப்பந்தம் கணக்கையே மாற்றியது. 2010-ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த ஆண்டே முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்காண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடி டாலர்தான். அணிகளின் மொத்தச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு இருப்பதால், நல்ல குவாட்டர்பேக் ஒருவர் இப்படிக் குறைந்த விலையில் கிடைத்தால், மிச்சப் பணத்தில் சுற்றியுள்ள அணியை வலுவாக்கிக்கொள்ளலாம். பிராட்ஃபோர்டு காலத்தில் முதல் தேர்வு பரிசாகவும் சுமையாகவும் இருந்தது. இன்று பெரும்பாலும் பரிசு மட்டுமே.

தேர்வுகளை மாற்றிக்கொள்ளும்போது அணிகள் பார்க்கும் மதிப்புப் பட்டியல்கள் சில உண்டு. டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் 1990-களிலிருந்து வழங்கிவரும் பட்டியல் புகழ்பெற்றது. அதில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, மூன்றாவதற்கு 2200. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள 400 புள்ளி, 50-ஆவது தேர்வின் மதிப்புக்குச் சமம். ஆக, ஒரே ஒரு கூடுதல் வெற்றியால் முதலிடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குச் சரியும் அணி, இரண்டாம் சுற்று வீரர் ஒருவரை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய இழப்பு இல்லைதான். ஆனால் ரசிகர்கள் டிசம்பரில் அஞ்சும் அளவுக்கு உலகமே முடிந்துபோகும் இழப்பும் இல்லை.

தோற்க வேண்டியது யார்?

‘அணி தோற்க வேண்டும்’ என்று சொல்வது எளிது. அணி என்பது ஒரே மனம் கொண்ட ஓர் ஆள் இல்லை என்பதுதான் அந்த வாக்கியம் மறைக்கும் செய்தி. தோல்வியின் பலனை அனுபவிப்பவரும் அதைக் களத்தில் நிறைவேற்ற வேண்டியவரும் வேறு வேறு.

வீரரை எடுத்துக்கொள்வோம். ஜெட்ஸ் ராம்ஸை வீழ்த்திய அன்று, ஒரு டச் டவுன் போட்டு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுசேர்த்து), கடைசியில் வெற்றியை உறுதிசெய்த பந்தையும் பிடித்தவர் ஃபிராங்க் கோர். அப்போது அவருக்கு வயது 37; தொழில்முறை ஆட்டத்தில் பதினாறாவது சீசன், அதுவே கடைசி சீசனாகவும் அமைந்தது. லாரன்ஸ் ஜெட்ஸுக்கு வந்தாலும் கோர் அவரோடு ஆடப்போவதில்லை. 53 பேர் கொண்ட அணியில் பெரும்பாலானவர்களின் நிலை ஏறத்தாழ இதுதான். ஒப்பந்தங்களில் பல முழு உத்தரவாதம் இல்லாதவை. களத்தில் பதிவாகும் ஒவ்வொரு காட்சியும் அடுத்த வேலைக்கான விண்ணப்பம். மேலும், வேகமாக மோதும் ஆட்டத்தில் அரைமனதோடு ஆடினால் அடிபடுவது தான்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முழு பலத்தோடு ஆடாதே என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. சொன்னாலும் அவர்கள் கேட்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

பயிற்சியாளரின் நிலை இன்னும் தெளிவானது. 2023 ஜனவரி 8, சீசனின் கடைசி நாள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் தோற்றால் முதல் தேர்வு உறுதி. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நிலையில் 24-31 என்று பின்தங்கியிருந்தார்கள். நான்காவது, அதாவது கடைசி முயற்சி, பந்து கைமாறாமல் இருக்க இன்னும் 20 யார்டு தேவை. குவாட்டர்பேக் டேவிஸ் மில்ஸ் 28 யார்டு தூரத்துக்கு எறிந்த பந்தை ஜோர்டன் ஏகின்ஸ் எல்லைக் கோட்டுக்குள் பிடித்தார். 30-31. ஓர் உதை உதைத்தால் ஆட்டம் சமநிலை. பயிற்சியாளர் லவ்வி ஸ்மித் அதை விட்டுவிட்டு இரண்டு புள்ளிக்கு முயலச் சொன்னார். மீண்டும் ஏகின்ஸ், 32-31. முதல் தேர்வு சிகாகோ பேர்ஸுக்குப் போனது. அன்றிரவே ஸ்மித் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

வென்றதற்காக அவர் நீக்கப்பட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமநிலை என்று முடித்த பயிற்சியாளர் தோற்றிருந்தாலும் போயிருப்பார். நாளை காலையில் வேலையில் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒருவர், தனக்குப் பின்னால் வரப்போகிறவருக்கு நல்ல வீரர் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தன் கணக்கில் இன்னொரு தோல்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதே இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. 2021 ஜனவரி 3 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், வாஷிங்டன் அணியிடம் 14-17 என்று மூன்றே புள்ளிகள் பின்தங்கியிருந்த நான்காம் கால்பகுதியில், பயிற்சியாளர் டக் பெடர்சன் இளம் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு நேட் சட்ஃபெல்டை இறக்கினார். சட்ஃபெல்ட் பந்தைப் பறிகொடுத்தார். ஈகிள்ஸ் 14-20 என்று தோற்றது. அவருக்கும் ஆடும் வாய்ப்புத் தரத் திட்டமிட்டிருந்ததாகப் பெடர்சன் விளக்கினார், நம்பியவர்கள் குறைவு. ஈகிள்ஸ் வென்றிருந்தால் பிளேஆஃபுக்குப் போயிருக்க வேண்டிய நியூயார்க் ஜயன்ட்ஸ் வெளியே நின்றது. இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? ஒன்பதாவது இடத்துக்குப் பதில் ஆறாவது இடம். ஜான்சன் பட்டியலின்படி 250 புள்ளி வித்தியாசம், அதாவது மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் கிடைக்கும் ஒரு வீரர். எட்டு நாள் கழித்து, அந்த நகரத்துக்கு முதல் சூப்பர் பௌல் (லீக்கின் இறுதி ஆட்டம்) கோப்பையை வாங்கித் தந்த பெடர்சனும் நீக்கப்பட்டார்.

கணக்கு எவ்வளவு தூரம் பலித்தது?

தோற்பதில் ஒழுக்கக்கேடு இருக்கிறதா என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் லாப நட்டமாகவே பார்ப்போம்.

ஆதரவாகச் சொல்லப்படும் சிறந்த உதாரணம் 2011-ன் கோல்ட்ஸ். கழுத்து அறுவைச் சிகிச்சையால் குவாட்டர்பேக் பேட்டன் மானிங் ஆட முடியாமல் போன அந்த ஆண்டு 2-14 (2 வெற்றி, 14 தோல்வி) என்று முடித்து, குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கைப் பெற்றார்கள். அவர் வந்த முதல் மூன்று சீசன்களிலும் தலா 11 வெற்றிகள். ஆனால் அதே கோல்ட்ஸ், முதல் 13 ஆட்டங்களில் தோற்ற பிறகு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் வென்றவர்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த காயங்களால் சோர்ந்த லக், 2019 ஆகஸ்டில், 29 வயதில் ஓய்வு பெற்றார். சூப்பர் பௌல் வரை அவர் போகவே இல்லை.

2008-ல் 0-16 என்று முடித்த டெட்ராய்ட் லயன்ஸ், மேத்யூ ஸ்டாஃபோர்டை முதல் தேர்வாக எடுத்தது. பன்னிரண்டு சீசன்களில் அவரால் அங்கே ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. 2021-ல் ராம்ஸுக்குப் போன முதல் ஆண்டிலேயே சூப்பர் பௌல் வென்றார். ஆள் அவரேதான், மாறியது சுற்றியிருந்த அணி.

இன்னும் பரந்து பார்த்தால் படம் இப்படி இருக்கிறது. தன்னை முதல் தேர்வாக எடுத்த அணிக்கே ஒரு குவாட்டர்பேக் சூப்பர் பௌல் வென்று தந்தது கடைசியாக 2007 பிப்ரவரியில், கோல்ட்ஸின் பேட்டன் மானிங். அதன் பிறகு 2024 சீசன் வரை அப்படி ஒருவர்கூட இல்லை. ஏழு கோப்பை வென்ற டாம் பிரேடி 2000-ஆம் ஆண்டில் 199-ஆவது தேர்வு. பேட்ரிக் மஹோம்ஸ் 10-ஆவது. பெடர்சன் அன்று வெளியே உட்காரவைத்த ஹர்ட்ஸ் 53-ஆவது. அவரும் ஈகிள்ஸுக்கு ஒரு கோப்பை வாங்கித் தந்துவிட்டார்.

ஆய்வாளர் கேட் மாசியும் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் இதை ஆய்வு செய்து, அணிகள் உச்சித் தேர்வுகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்றார்கள். எந்த இளைஞர் நன்றாக வருவார் என்று கணிக்கும் தங்கள் திறமையின் மேல் அணிகள் வைத்திருக்கும் அதீத நம்பிக்கையே காரணம் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் ஆராய்ந்தது 2011-க்கு முந்தைய ஊதிய முறை என்பதால் அதை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனால் கணிப்பில் நேரும் பிழை மட்டும் மாறவில்லை.

அந்த டெக்சன்ஸ் கதைக்கே திரும்புவோம். பேர்ஸிடமிருந்து முதல் தேர்வைப் பெரும் விலை கொடுத்து வாங்கிய கரோலைனா பாந்தர்ஸ், பிரைஸ் யங் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது; அந்த ஆண்டு 2-15. ‘முட்டாள்தனமாக வென்று’ இரண்டாம் இடத்துக்கு இறங்கிய டெக்சன்ஸ், சி.ஜே. ஸ்ட்ரவுட்டை எடுத்து, மூன்றாவது தேர்வையும் வாங்கி வில் ஆண்டர்சனை எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர், சிறந்த புதுமுகத் தடுப்பு வீரர் ஆகிய இரண்டு விருதுகளும் அவர்களுக்கே. அணி 10-7. டெக்சன்ஸ் தோற்று முதலிடம் பெற்றிருந்தால் யங்கைத்தான் எடுத்திருக்குமோ என்னவோ, யாருக்கும் தெரியாது. ஜெட்ஸுக்கும் இதே கேள்வி உண்டு: இரண்டாவது தேர்வில் அவர்கள் எடுத்த ஸாக் வில்சன் மூன்றே சீசன்களில் வெளியேற்றப்பட்டார். லாரன்ஸைப் பெற்ற ஜாகுவார்ஸோ, புதிய பயிற்சியாளரை முதல் சீசன் முடிவதற்குள்ளேயே நீக்கி, அந்த ஆண்டும் கடைசியில் வந்து மீண்டும் முதல் தேர்வு பெற்றது.

கலைப்பதும் தோற்பதும் ஒன்றல்ல

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது அவசியம். மயாமி டால்ஃபின்ஸ் 2019-ல் லாரமி டன்சில், மிங்கா ஃபிட்ஸ்பேட்ரிக் முதலிய நல்ல வீரர்களைக் கொடுத்து, பதிலுக்கு வருங்கால முதல் சுற்றுத் தேர்வுகளை வாங்கிக் குவித்தது. இன்றைய பலத்தை விற்று நாளைய பலத்தை வாங்கும் வெளிப்படையான வியாபாரம் இது. விதிமீறல் எதுவும் இல்லை. அணி முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் களத்தில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை: மிச்ச ஒன்பதில் ஐந்தை வென்றார்கள். டிசம்பர் 22 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸைக் கூடுதல் நேரத்தில் 38-35 என்று வென்றதும் அதில் ஒன்று. பெங்கால்ஸ் முதல் தேர்வு பெற்று ஜோ பர்ரோவை எடுத்தது. மயாமிக்கு ஐந்தாவது இடம்.

அந்த சீசனின் பயிற்சியாளர் பிரையன் ஃப்ளோரஸ், 2022-ல் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு லட்சம் டாலர் தருவதாக உரிமையாளர் ஸ்டீபன் ராஸ் தன்னிடம் சொன்னதாகக் குற்றம்சாட்டினார். ராஸ் மறுத்தார். லீக் நடத்திய விசாரணை, அணி வேண்டுமென்றே தோற்கவில்லை என்று முடித்தது. அப்படி ஒரு பேச்சு வேடிக்கையாகச் சொல்லப்பட்டிருந்தாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்றும் குறிப்பிட்டது. வேறொரு விதிமீறலுக்காக ராஸுக்கு 15 லட்சம் டாலர் அபராதமும், அணிக்கு 2023-ன் முதல் சுற்றுத் தேர்வு இழப்பும் விதிக்கப்பட்டன.

வீரர்களை விற்பது நிர்வாகத்தின் உரிமை. காயம்பட்ட மூத்தவரை ஓய்வில் வைத்து இளையவரை இறக்குவதும் நியாயம். களத்தில் இறங்கிய பிறகு ‘வெல்லாதே’ என்று சொல்வது மட்டும் வேறு வகை. விளையாட்டுப் போட்டியின் முடிவை லஞ்சத்தால் மாற்றுவதைக் குற்றமாக்கும் கூட்டரசுச் சட்டம் அமெரிக்காவில் 1964 முதல் இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநிலங்களுக்குப் பந்தயத்தை அனுமதிக்க வழிவிட்ட பிறகு, ஒவ்வோர் ஆட்டத்தின் மேலும் சட்டபூர்வமாகவே பெரும்பணம் கட்டப்படுகிறது. ஓர் அணி வெல்ல முயலவில்லை என்று நிரூபணமானால் பாதிக்கப்படப்போவது டிராஃப்ட் வரிசை மட்டுமல்ல.

விதியை மாற்றினால்?

கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1985-லேயே குலுக்கல் முறைக்குப் போய்விட்டது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 விழுக்காடுதான். இருந்தும் அங்கே டேங்கிங் ஒழியவில்லை. களத்தில் ஐந்தே பேர் ஆடும் ஆட்டத்தில் ஒரே ஒரு வீரர் அணியின் தலையெழுத்தை மாற்றிவிட முடியும் என்பதால் ஆசை அடங்க மறுக்கிறது. ஃபுட்பாலில் தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11 என்று தனித்தனியாக இறங்குகிறார்கள். ஒருவரின் வரவு அவ்வளவு தூரம் எட்டாது.

என்.எஃப்.எல். குலுக்கலை ஏற்கவில்லை. ஆனால் 2010 முதல் கடைசி வார ஆட்டங்கள் அனைத்தையும் ஒரே பிரிவைச் சேர்ந்த பரம எதிரிகளுக்கு இடையிலேயே அமைக்கிறது. பிளேஆஃப் இடம் உறுதியான அணிகள் முக்கிய வீரர்களை உட்காரவைப்பதைக் குறைக்கவே இந்த ஏற்பாடு வந்தது. எதிரியிடம் தோற்பது கசக்கும் என்பதால், அடித்தட்டு அணிகளுக்கும் இது ஓரளவு கடிவாளம்.

2025 ஜனவரி 5 அன்று நடந்ததும் அப்படி ஒரு கடைசி வார ஆட்டம். தோற்றால் முதல் தேர்வு என்ற நிலையில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், தன் முதன்மைக் குவாட்டர்பேக்கைத் தொடக்கத்திலேயே வெளியே எடுத்துவிட்டு, ஆறாம் சுற்றில் வந்த ஜோ மில்டனை ஆடவிட்டது. எதிரில் பஃபலோ பில்ஸும் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருந்தது. மில்டன் வென்றுவிட்டார், 23-16. பேட்ரியட்ஸ் நான்காம் இடத்துக்கு இறங்கியது. பயிற்சியாளர் ஜெராட் மேயோ அன்றே நீக்கப்பட்டார். முதல் தேர்வு டென்னசி டைட்டன்ஸுக்குப் போய், அவர்கள் குவாட்டர்பேக் கேம் வார்டை எடுத்தார்கள். பேட்ரியட்ஸ் நான்காவது தேர்வில் தாக்குதல் வரிசையில் நிற்கும் வில் கேம்பல் என்பவரை எடுத்ததோடு, ஓராண்டுக்கு முன் டைட்டன்ஸ் வேலையைவிட்டு அனுப்பிய மைக் வ்ரேபலைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அடுத்த சீசனில் டைட்டன்ஸ் 3-14, பேட்ரியட்ஸ் 14-3.